ஓசூருக்கு மேலே

சேலத்தில் விமானம் ஏறப்போகும்போது என் தம்பி போன் செய்தான். "அக்கா, பாப்பா மயங்கி விழுந்துட்டா. ஓசூர் ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கோம்."

பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், பெங்களூர் விமானம் ஒரு மணி நேரம்தான் என்று பதற்றத்தில் கணக்குப் போட்டு ஏறிவிட்டேன். பெங்களூரில் பேய்மழை. இறங்க முடியாமல் விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. மேகம் விலகியபோது கீழே மலைக்கோயில், கம்பெனிக் கூரைகள். எங்கள் ஓசூர்! என் மகள் அங்கேதான் எங்கோ கிடந்தாள். பஸ்ஸில் கத்துவதுபோல எழுந்து நின்று கத்தினேன்: "ஓசூர் வந்துடுச்சு, நிறுத்துங்க! நான் இறங்கணும்!"

ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்த கன்னடக்காரம்மா என்னை உட்காரவைத்து, தரையிறங்கும்வரை கையை விடவில்லை.

மகள் தேறிவிட்டாள். ஆனால் தலைக்கு மேல் விமானம் போனால், உள்ளே யாராவது எழுந்து நிற்கிறார்களோ என்று இன்றும் அண்ணாந்து பார்க்கிறேன்.