இருபத்து நான்காவது ஏகாதசி

அரங்கனை நம்பியிருக்கும் எல்லோருக்கும் அடியேனின் வணக்கம். சென்ற ஐப்பசி ஏகாதசியன்று நான் சாகக் கிடந்தேன். அது என் தவறால் வந்தது. எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று என் மனைவி ருக்மிணி சொல்லிவிட்டாள். அதனால் எனக்கு வெட்கமான இடங்களையும் எழுதுகிறேன்.

எனக்கு வயது எழுபத்தெட்டு. ஸ்ரீரங்கத்தில் இருக்கிறோம். பொதுப்பணித் துறையில் முப்பத்து நான்கு வருஷம் காவிரியின் நீர்மட்டம் குறித்தவன் நான். அளவுகோலைப் பார்த்து எண்ணை எழுதுவதுதான் வேலை. ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் புத்தி விடவில்லை. படி ஏறினால் படிகளை எண்ணுவேன். மாத்திரைப் பட்டையில் எத்தனை மிச்சம் என்று தினமும் பார்ப்பேன். எண்ணாமல் விட்டால் மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இரண்டு வருஷத்துக்கு முன் ருக்மிணிக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தது. கட்டி நல்லதா கெட்டதா என்று தெரியாத நேரம். அன்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "இவளைத் திருப்பிக் கொடு ரங்கா, மாதம் ஒன்றாக இருபத்து நாலு வளர்பிறை ஏகாதசி உபவாசம் இருக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டேன். மாத்திரையை விழுங்க ஒரு மடக்குத் துளசி தீர்த்தம், அவ்வளவுதான் கணக்கு. அவள் பிழைத்து வந்தாள். வேண்டுதலை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும். இருபத்து மூன்று முடிந்தது.

அதற்குள் டாக்டர் என் சர்க்கரை மாத்திரையை மாற்றினார். "இது வேகமா இறக்கும். சிறுநீரகம் வேற உங்களுக்குச் சரியா இல்லை. போட்டா உடனே சாப்பிடணும், விரதம் கிரதம் எல்லாம் இனிமே கிடையாது" என்றார். ருக்மிணியும் பக்கத்தில் இருந்து கேட்டாள்.

அந்த ஏகாதசியன்று காலையில் அவள் கோதுமை ரவை உப்புமா இரண்டு கரண்டி போட்டு வைத்தாள். ஜபம் முடித்துச் சாப்பிடுகிறேன் என்றேன். அவள் அந்தண்டை போனதும் இலையோடு எடுத்துப்போய் வீதியில் நின்ற மாட்டுக்குப் போட்டேன். மாத்திரையை மட்டும் தீர்த்தத்தோடு விழுங்கினேன். மருந்து ஆகாரத்தில் சேராது என்பது எங்கள் வீடுகளில் சொல்லிச் சொல்லி வந்த வழக்கம். டாக்டர் கொடுத்த மாத்திரையும் போட்டாயிற்று, பெருமாளிடம் சொன்னதும் தவறவில்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு.

சாயங்காலம் மணி நாலேகால். பூஜைக்குத் துளசி எண்ணிக்கொண்டிருந்தேன். பதினேழு வந்தது. அதற்கு மேல் என்ன என்று தெரியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினேன். மறுபடியும் பதினேழில் நின்றது. என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை.

அப்புறம் நினைவு வந்தபோது தென்னூரில் ஒரு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கிடந்தேன். ருக்மிணியும் கீழ்வீட்டுக்காரரும் ஆட்டோவில் தூக்கி வந்திருக்கிறார்கள். சர்க்கரை முப்பத்தொன்று. கையில் ஊசி குத்தி குளுக்கோஸ் ஏற்றிய பிறகுதான் கண் திறந்ததாம்.

"காலையில் சாப்பிட்டாரா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு கரண்டி உப்புமா போட்டேன் டாக்டர். சாப்பிட்டார்" என்றாள் ருக்மிணி.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். "ஆச்சு" என்றேன். செத்துப் பிழைத்தவன், விழித்ததும் சொன்ன முதல் வார்த்தை பொய்.

மாத்திரையின் வேகம் அடங்க ஒரு நாள் ஆகும், ராத்திரி இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். ஆறு கட்டில் போட்ட வார்டு. எனக்கு நான்காவது. ஐந்தாவதில் லால்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர். என் கட்டிலுக்கும் அவருக்கும் நடுவே இரண்டு முழம்கூட இராது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நெஞ்சிலே நீர் கோத்துக்கொண்டதாம். அவர் மனைவி தனபாக்கியம் அவர் காலைப் பிடித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். "சமயபுரத்தாளே, சமயபுரத்தாளே" என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

எட்டு மணிக்கு எனக்கு நூற்றுப் பதினெட்டு. பத்துக்கு எண்பத்து நாலு. ஆற்றில் தண்ணீர் வடிகிற மாதிரி இறங்கியது. ருக்மிணி பாலும் பழமும் வாங்கி வந்தாள். வயிற்றைப் புரட்டுகிறது, அப்புறம் குடிக்கிறேன் என்றேன். இத்தனை தூரம் வந்தாயிற்று, விடிந்தால் துவாதசி, இருபத்து நாலு பூர்த்தி. பன்னிரண்டு மணிக்கு எழுபத்தொன்று. "பால் குடிச்சீங்களா தாத்தா?" என்று நர்ஸ் கேட்டபோது தலையை ஆட்டினேன். ருக்மிணி நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள்.

"விடியும்வரை தாங்கிக்கொள் ரங்கா, இந்த ஒன்று முடியட்டும்" என்று விரல்விட்டு எண்ணி நூற்றெட்டுத் தரம் சொன்னேன். கொஞ்சம் உரக்கவே சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று மணி சுமாருக்கு குளுக்கோஸ் பாட்டில் தீர்ந்தது. வேறு வாங்கிவர ருக்மிணி கீழே மருந்துக்கடைக்குப் போனாள். அந்த நேரம் பார்த்து, துவாக்குடி அருகே பஸ் மோதி நாலு பேரைக் கொண்டுவந்தார்கள். நர்ஸும் டாக்டரம்மாவும் அங்கே ஓடினார்கள். ஓடாமல் என்ன செய்வார்கள்?

எனக்கு வேர்த்தது. சட்டை நனைந்து போர்வை நனைந்தது. கூப்பிட வாயைத் திறந்தேன், நாக்கு புரளவில்லை. மேலே ஓடுகிற ஃபேனின் இறக்கைகளை எண்ணினேன். மூன்று என்று எண்ண முடியவில்லை. அப்போது விரதம் போயிற்று, இருபத்து நாலு போயிற்று. ருக்மிணி திரும்பி வரும்போது நான் இருக்க வேண்டும், அது மட்டும்தான் மிச்சம் இருந்தது. "ரங்கா" என்ற பேரைக்கூடச் சொல்ல முடியாமல் வேண்டிக்கொண்டேன்.

தனபாக்கியம் திரும்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இங்க பாருங்க, பெரியவருக்குச் சுகர் இறங்குது. எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் வேர்க்கும்" என்று கத்தினாள். யாரும் வரவில்லை. பிளாஸ்கைத் திறந்து, தான் குடித்து வைத்திருந்த டம்ளரிலேயே டீயை ஊற்றி, பையிலிருந்த சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். என் தலையைத் தூக்கித் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"வாயத் தொறங்க சாமி."

நான் பல்லைக் கடித்தேன். நாற்பது வருஷமாக வெளியில் தண்ணீர்கூடக் குடித்தவனில்லை. சாகிற நேரத்திலும் உடம்பு அந்தப் பழக்கத்தை விடவில்லை.

"ஏகாதசியா? ராத்திரி பூரா நீங்க சொன்னது காதுல விழுந்துச்சு. இருந்தாத்தானே சாமி அடுத்த ஏகாதசி" என்று சொல்லி, சர்க்கரையைத் தொட்டு என் கடைவாயில் தேய்த்தாள். அப்புறம் டீயைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். விழுங்கினேன். கடைசி வாய் வரை விழுங்கினேன்.

நர்ஸ் ஓடிவந்து பார்த்தபோது நாற்பத்து நாலு. அது டீ குடித்த பிறகு வந்த எண். ருக்மிணி பாட்டிலோடு வந்து நின்றாள். டாக்டரம்மா வந்ததும் நான் உப்புமா, மாடு, பால், வேண்டுதல் எல்லாவற்றையும் சொன்னேன். ருக்மிணி அழவில்லை.

"எனக்காகவா இருந்தேள்? நான் பிழைச்சு வந்தது தனியா உட்கார்றதுக்கா?" என்று மட்டும் கேட்டாள். நான் பாலைக் குடித்தேன்.

ஐந்து நாற்பதுக்கு தனபாக்கியத்தின் கணவர் மூச்சு நின்றது. திரை இழுத்தார்கள். அவள் வெகுநேரம் அழுதாள். பிறகு பிளாஸ்கை எடுத்துப் பையில் வைக்க வந்தவள் என் கட்டிலருகே நின்றாள். கோபமாகக் கேட்கவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நீங்க கும்பிட்டது கேட்டுச்சு சாமி. இவருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

நூற்றெட்டுத் தரம் கூப்பிட்டேன். ஒரு தரம்கூடப் பக்கத்துக் கட்டில் என் நினைவில் வரவில்லை. அவளோ கணவர் காலை விட்டுவிட்டு எழுந்து வந்து என் தலையைத் தூக்கினாள்.

அரங்கன் என் வேண்டுதலைக் கேட்டான் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அவளுடைய கையாகத்தான் வந்தான். அவள் அழைத்த தாய் ஏன் அன்று வரவில்லை என்று எனக்குத் தெரியாது. தெரிந்தது போல எழுதினால் அதுவும் ஒரு பொய்யாகும். எனக்குப் பொய் போதும்.

இப்போது ஏகாதசியன்று சாப்பிடுகிறேன். கடைசிக் கவளம் வரை ருக்மிணி எதிரே நிற்கிறாள். வேண்டுதல் இருபத்து மூன்றோடு நிற்கிறது. பாக்கி ஒன்றைக் கேட்டு வாங்காமல் விட்டுவிட்ட அரங்கனிடம் நான் போய்க் கணக்கு நேர் செய்யப் போவதில்லை. தினமும் காலையில் பெருமாள் முன் நிற்கும்போது, ஐந்தாம் கட்டில்காரரின் பெயரை முதலில் சொல்கிறேன். அவர் கட்டிலில் மாட்டியிருந்த அட்டையில் படித்த பெயர். அப்புறம் தனபாக்கியத்தின் பெயர். என் பெயர் வரும்முன் பெரும்பாலும் பூஜை மணி அடித்துவிடுகிறது.

துன்பத்தில் இருப்பவர்களே, தயங்காமல் அவனைக் கூப்பிடுங்கள். நாக்கு புரளாவிட்டாலும் கேட்கிறான், நான் கண்டேன். கூப்பிடும்போது பக்கத்துக் கட்டிலையும் சேர்த்துச் சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்டேன்.