ஸ்டூலில் தொடங்கிய சிக்கனம்

நூற்பாலையில் பஞ்சுத் தூசியைக்கூட விழுங்கிவிடலாம், ஆலோசகரின் அறிவுரையைத்தான் விழுங்க முடியாது. ராஜபாளையத்தில் எங்கள் ஆலைக்கு 'லீன்' என்று ஒன்று வந்தது. வீண் செலவை ஒழிக்கும் முறையாம். ஒழித்த வரிசையிலேயே சொல்கிறேன். முதலில் நாங்கள் உட்கார்ந்த ஸ்டூலை எடுத்தார்கள். அடுத்து, குடோனில் இருந்த பஞ்சை. அதற்கடுத்து, கையிருப்பு நூலை. கடைசியில், நூல் சுற்றும் வைண்டிங் பிரிவில் இருக்கும் தனலட்சுமியின் வேலையிலேயே கை வைத்தார்கள். துண்டுப் பிரசுரத்தில் எழுத்துக்கூட்டிப் படித்து, கேட்டில் கோஷம் போட்டே தலை நரைத்தவன் நான். வேறு ஆலைகளில் இதே கொடுமையை அனுபவிக்கும் தோழர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

உட்கார்ந்தால் குற்றம்

தனலட்சுமி கான்சாபுரத்துக்காரி. வீட்டுக்காரர் இடுப்பில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறார்; அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. மிஷின் தானாக ஓடும்போது செத்த நேரம் உட்கார அவளுக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. கோயம்புத்தூர் ஆலோசகர் அதில் சிவப்புச் சீட்டைக் கட்டி, 'தேவையற்ற பொருள்' என்று வெளியே போட்டார். அந்த வாரமே அவருடைய அறைக்குப் புதுச் சுழல் நாற்காலி வந்து இறங்கியது. எட்டிப் பார்த்துவிட்டு வந்து தனலட்சுமி கேட்டாள்:

"அண்ணாச்சி, அந்தச் சேருக்கு என்ன கலர் சீட்டுக் கட்டுவாவ?"

தேரன்று வந்த பஞ்சு

குடோனில் பஞ்சு கிடப்பது வீணாம். அன்றன்றைக்கு வேண்டியது அன்றன்றைக்கு வந்தால் போதுமாம். கோயம்புத்தூரில் உட்கார்ந்து போட்ட அட்டவணையில் ஆடிப்பூரத் தேர் இல்லை. மதுரையிலிருந்து வந்த லாரி, தேரோட்டத்தில் மாட்டி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வெளியே நின்றுவிட்டது. இங்கே பஞ்சில்லாமல் மிஷின்கள் வரிசையாக நின்றன. அதையும் 'தொழிலாளர் சும்மா இருந்த நேரம்' என்று எங்கள் தலையில் கட்டினார்களே, அதுதான் வயிற்றெரிச்சல். மேனேஜர் போனில் டிரைவரிடம் கத்தினார். ஸ்பீக்கரில் வந்த பதிலை நாங்கள் எல்லோரும் கேட்டோம்:

"சார், ஊரே வடம் பிடிச்சிட்டு நிக்கி. நீங்க போன் போட்டா தேர் ஓரமா ஒதுங்கிக்கிடுமா?"

கட்டிலுக்குப் பக்கத்தில் நூல்

நூலையும் இருப்பு வைக்கக் கூடாது என்றார்கள். சரி, வைக்காமல் எங்கே போனது? சத்திரப்பட்டியில் எங்கள் நூலை வாங்கிப் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிக்காரர் வீட்டில், கேட்டாலும் கேட்காவிட்டாலும், மூட்டை மூட்டையாக இறங்கியது. எங்கள் போர்டில் 'இருப்பு பூஜ்யம்' என்று எழுதி, கேக் வெட்டினார்கள். வீண் ஒழியவில்லை, இளைத்தவன் வீட்டுக்குக் குடிபோனது. கேக் தீர்வதற்குள் அந்த மனிதர் கேட்டில் வந்து நின்று கத்தினார்:

"கட்டில் மேல ஏறி இறங்கித்தான் என் பொண்டாட்டி அடுப்படிக்குப் போறா. ஒங்க பூஜ்யத்த எங்க வீட்ல வந்து பாருங்கய்யா!"

அவளே சொன்ன யோசனை

தொழிலாளர் யோசனைக்கென்று ஒரு பெட்டி வைத்தார்கள். வேண்டாம் என்று சொன்னேன், தனலட்சுமி கேட்கவில்லை. சுற்றிய நூல் கோன்களை ஏற்றும் வண்டியை, தான் பார்க்கும் இரண்டு மிஷினுக்கும் நடுவில் நிறுத்தினால் பாதி நடை மிச்சம் என்று எழுதிப் போட்டாள். அப்படியே செய்தார்கள். பாராட்டி ஒரு டிபன் பாக்ஸும் கொடுத்தார்கள். அடுத்த கேன்டீன் கூட்டத்தில் ஆலோசகர் திரையில் காட்டினார்: 'வைண்டிங்கில் ஒரு ஆள் உபரி.' மிச்சமான நடைக்கு ஒரு ஆளின் பிழைப்பையே கழித்துவிட்டார்கள்.

நான் எழுந்தேன். "ஒரு ஆள்னா யாரு? பேரச் சொல்லுங்க."

"பேர் முக்கியமில்ல, நாங்க போஸ்ட்டைத்தான் பார்க்கிறோம்" என்றார் ஆலோசகர்.

"போஸ்ட்டா சோறு திங்கிது? இம்புட்டுப் பேர் சாட்சியா இருக்கோம். யாரு வீட்டு அடுப்ப அணைக்கீங்கன்னு வாயால சொல்லிட்டு அணைங்க."

ஷிப்டு மாறும் நேரம். இறங்க வேண்டியவர்களும் ஏற வேண்டியவர்களும் அப்படியே நின்றார்கள். ஆலோசகர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் யார் முகத்தையும் பார்க்காமல் வாசித்தார்: "தனலட்சுமி."

ஷிப்டு ஆரம்பத்தில் பேர் கூப்பிடும்போது சொல்கிற அதே குரலில் அவள் எழுந்து சொன்னாள்:

"இருக்கேன் சார்."

அந்த உபரியைத் திரையிலிருந்து அழிக்கும்வரை ஒருவரும் மிஷின் பக்கம் போகாததால், அவள் இன்றும் வைண்டிங்கில்தான் இருக்கிறாள், ஆலையில் வேலையில்லாமல் கிடப்பது அந்த யோசனைப் பெட்டி ஒன்றுதான்.