மீன் தொட்டிக்குப் போன கோழி வைட்டமின்

அன்று மாமா என் கையைப் பார்த்தாரா, இல்லையா? இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியவில்லை.

நாமக்கல் பக்கம் எங்களுக்குக் கோழிப்பண்ணை. அதைக் கவனித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, திடீரென்று கலர்மீன் வளர்க்கப்போவதாகச் சொல்லிப் பண்ணைக்குப் பின்னால் நாலு சிமெண்ட் தொட்டி கட்டினார். அப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“ஏனுங்க மாப்ள, மீனு முட்டையையும் அட்டையில அடுக்கித்தான் அனுப்புவீங்களா?”

“இந்த பேட்ச் தேறலீன்னா தொட்டிய இடிச்சுப்போட்டுக் கோழிக்கே வந்தர்றனுங்க மச்சான்.”

அந்த முதல் பேட்ச், ஏஞ்சல் மீன் குஞ்சுகள். அவற்றுக்கு உயிருள்ள தீனி வேண்டும். மாமா தண்ணீர்ப் பூச்சிகளை ஒரு வாளியில் விட்டு, கோழிக்குக் கொடுக்கும் மஞ்சள் வைட்டமினில் நாலு சொட்டு விடுவார். சில மணி நேரம் கழித்துப் பூச்சிகளைத் துணியில் வடித்து, அலசி, மீனுக்குப் போடுவார்.

“மருந்தப் பூச்சி திங்கோணும், பூச்சிய மீனு திங்கோணும். அப்பத்தான் உடம்புல ஒட்டும் சாமி.”

எட்டு வயதில் எனக்கு அது வீண் சுற்றாகப் பட்டது. கோழிக்குக் குடிக்கிற தண்ணீரில்தானே கலக்குகிறோம்? மீன் தண்ணீரிலேயே அல்லவா இருக்கிறது? மாமா தோற்றுவிடக் கூடாது என்ற கவலை வேறு. ஒரு மத்தியானம் அவர் தீவன மூட்டை இறக்கப் போன நேரத்தில் குஞ்சுத் தொட்டியில் ஒரு மூடி ஊற்றினேன். போதாதோ என்று இன்னொரு மூடி. அப்புறம் மூடியை விட்டுவிட்டுப் பாட்டிலையே சாய்த்தேன்.

தண்ணீர் கலங்கி நுரைத்தது. குஞ்சுகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நான் ஓடிப்போய் டிவி முன்னால் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் வரை மாமா குடம் குடமாகத் தண்ணீர் மாற்றினார். பாதிக் குஞ்சுகள் செத்துப்போயின.

“என்னாச்சுங்க மாப்ள?”

“நாந்தானுங்க மச்சான். கை தவறி மருந்தச் சாஸ்தியா ஊத்திப்போட்டேன்.”

அப்பா அன்றைக்குச் சிரிக்கவில்லை.

சாப்பிட உட்காரும்போது மாமா சோப்பை நீட்டினார். “நல்லாத் தேச்சுக் கழுவு சாமி.” கழுவினேன். நகக்கண்ணில் மஞ்சள் அப்படியே இருந்தது. மாமா மாட்டிக்கொண்டார், நான் தப்பித்துவிட்டேன் என்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் காலையில் மருந்துப் பாட்டிலை என்னிடம் கொடுத்தார். “வாளியில நாலே சொட்டு. நீயே எண்ணி உடு சாமி, எனக்கு எண்ணிக்கை நிக்கறதில்ல.” பாவம், இவ்வளவு பெரியவருக்கு நாலு வரை எண்ண வரவில்லையே என்று பரிதாபப்பட்டேன். தினமும் எண்ணி விட்டேன். மிச்சக் குஞ்சுகள் தேறின. தொட்டிகளை யாரும் இடிக்கவில்லை.

இப்போது சேலத்தில் எங்கள் வீட்டிலும் மாமா கொடுத்த மீன் தொட்டி இருக்கிறது. நேற்று அதில் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. என் ஆறு வயது மகளின் விரல்களில் அவளுடைய வைட்டமின் சிரப் வாசனை. நான் இன்னும் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் மிரண்டுவிடுவாளோ? கேட்காவிட்டால் மறைப்பது பழகிவிடுமோ?

பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள். நான் அவளிடம் கேட்டுவிடட்டுமா, சோப்பை மட்டும் எடுத்துக் கொடுக்கட்டுமா?