சரோஜத்தின் மடியில் இருந்த பேய்க்கதை

வியாழக்கிழமை நாலு மணிக்கு சரோஜம் வருவாள் என்று கேட்டைத் திறந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வந்தது அவள் இல்லை, வாசகசாலைச் செயலாளர் சுகுமாரன் சார். அவர் அதுவரை எங்கள் வீட்டுக்கு வந்ததே கிடையாது. குடையை மடக்காமல் முற்றத்திலேயே நின்றார்.

"அம்மா, சரோஜம் மரிச்சுபோயி," என்றார். "மதியம். நாற்காலியில இருந்தபடியே. அடுத்த வீட்டுக்காரங்க மோர் கொடுக்கப் போனப்போ கண்டதாணு. ஹார்ட் அட்டாக்குன்னு டாக்டர் சொன்னாரு. மடியில புத்தகம் அப்படியே இருந்துது."

ஒருத்தி செத்துப்போனாள் என்று கேட்டால் ஐயோ என்றுதான் வாயில் வரவேண்டும். எனக்கு அது வரவில்லை. "எந்தப் புத்தகம்?" என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அது நான் நோக்கல்லை அம்மா," என்றார்.

அவர் பார்க்காவிட்டால் என்ன, எனக்குத் தெரியும். முந்தின வியாழக்கிழமை நான்தான் அதை அவள் கையில் திணித்தேன். கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சரோஜத்தைத் தெரிந்த நீங்கள் எல்லாரும் வாசகசாலையின் இந்த இரங்கல் கூட்டத்தில் அவளைப் பற்றி நல்லதைச் சொல்வீர்கள். நானும் சொல்வேன். ஆனால் இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது பாதி உண்மையாகத்தான் இருக்கும். அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன்.

எங்கள் தெருவுக்கு அவள் முதன்முதலாக வந்து ஒன்பது வருஷம் இருக்கும். இந்த மலையாள ஊரில் வலியசாலைப் பக்கத்துத் தமிழ் வீடுகளுக்குப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுக்க வாசகசாலை அவளை நியமித்திருந்தது. நீலப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "புத்தகம் படிப்பீங்களா அக்கா?" என்று கேட்டாள். நான் நாகர்கோவிலில் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அதற்குப் பிறகு கல்யாணப் பத்திரிகையும் மளிகைப் பொட்டலமும்தான் படித்திருக்கிறேன். அதை அப்படியே சொன்னேன். அவள் பைக்குள் கைவிட்டு, அட்டையில் யானைப் படம் போட்ட ஒரு புத்தகத்தை எடுத்து நீட்டினாள். உள்ளே எழுத்தெல்லாம் கொட்டைப்பாக்கு அளவு.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அஞ்சாங்கிளாஸுன்னு சொன்னதும் பிள்ளைங்க புத்தகத்தை நீட்டுகியே, நான் என்ன பால்குடி மறக்காதவளா?" என்று கேட்டேன்.

அவள் சிரிக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. "படிப்பைப் பாத்து எடுக்கல்லக்கா. இப்பம் கரண்டு பில்லை எட்டப் பிடிச்சு, கண்ணைச் சுருக்கிப் பாத்தீங்கல்லா, அதைப் பாத்து எடுத்தேன். கண்ணாடி மாத்தணும். மாத்துறது வரைக்கும் இந்த எழுத்துதான் தோதுப்படும்," என்றாள்.

அன்றைக்கே அந்த யானைக் கதையைப் படித்தேன். குட்டியைத் தேடி அந்த யானை ஆற்றைக் கடக்கும் இடத்தில் அழுதேன். அடுத்த மாதம் புதுக் கண்ணாடி வந்தது. "இனிப் பெரியவங்க புத்தகம் தரட்டுமா?" என்று கேட்டாள். "அதையும் தா, இதுமாதிரி இன்னொண்ணும் தா," என்றேன். அப்போது அவள் சொன்னது: "புத்தகத்துக்கு வயசு போடுகது அச்சடிக்கிறவன் அக்கா. நமக்கென்ன?" அதற்குப் பின் எதையும் விட்டு வைக்கவில்லை. கதை, யாத்திரை, வைத்தியம், சரித்திரம், பிள்ளைகளின் விடுகதை எல்லாம் படித்தேன். படித்தவற்றின் பெயரை என் பேத்தி அனகா ஒரு நோட்டில் எழுதி வைக்கிறாள். ஒரு நோட்டு முடிந்து இரண்டாவது ஓடுகிறது. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டாமல் அனுப்பமாட்டேன்.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது அவளிடம் ஒரு நிர்ப்பந்தம் உண்டு. உங்களில் பலர் அதில் மாட்டியிருப்பீர்கள். "நல்லாயிருந்துது" என்று சொன்னால் வாங்கிக்கொள்ள மாட்டாள். "யாருக்கு நல்லாயிருக்கும்? பேரைச் சொல்லுங்க," என்பாள். நம் தெருக்களில் இருக்கும் ஒருவர் பெயரைச் சொல்ல வேண்டும். ஏன் அவருக்கு என்று ஒரு வரியும் சொல்ல வேண்டும். அதைத் துண்டுத்தாளில் எழுதி உள்ளே வைத்து, சொன்னவர் பெயரோடு அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆட்டோ ஓட்டும் முருகனுக்கு நட்சத்திரங்களைப் பற்றிய புத்தகம் போனது அப்படித்தான். சவாரி இல்லாதபோது அவர் வானத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று சொல்லி, ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவர் பெயரைக் கொடுத்தாள். முருகன் அதை மூன்று தடவை புதுப்பித்து வைத்துக்கொண்டார்.

நான் அதில் ஒரு தடவை நன்றாக அடிபட்டேன். சர்க்கரை வியாதிக்காரர்களின் சாப்பாடு பற்றி ஒரு புத்தகம் படித்துவிட்டு, பக்கத்து வீட்டு ருக்மிணியம்மாளின் பெயரைச் சொன்னேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. தனக்குச் சர்க்கரை இருப்பது மருமகளுக்குக்கூடத் தெரியாதபடி அந்த அம்மாள் மறைத்து வைத்திருந்தார். துண்டுத்தாளை மருமகள்தான் முதலில் பார்த்தாள். நாலு மாதம் அந்த வீட்டு ஜன்னல் என் பக்கம் திறக்கவில்லை. சரோஜம்தான் இரண்டு வீட்டுக்கும் நடந்து சரிப்படுத்தினாள். "சீக்குப் புத்தகத்தைக் கொடுத்தா, சீக்கையே கொடுத்தமாதிரி ஆளுங்களுக்கு. இனி மேலுக்கு எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லுங்க," என்று என்னைக் கண்டித்தாள்.

அதற்குப் பிறகு கேட்டுத்தான் சொல்லிவந்தேன், கடைசித் தடவை தவிர.

முருகன் என் பெயரைச் சொல்லியிருந்ததால் ஒரு பேய்க்கதை எனக்கு வந்தது. ஆளில்லாத ஒரு வீடு. உச்சி வெயிலில் அந்த வீட்டுக் கிணற்றில் யாரோ தண்ணீர் இறைக்கும் சத்தம் கேட்கும். கப்பி உருளும். ஓடிப்போய்ப் பார்த்தால் ஆள் இருக்காது, கயிறு மட்டும் நனைந்திருக்கும். அதைப் படித்த வாரம் பட்டப்பகலில்கூட நான் தனியாகப் பின்கட்டுக்குப் போகவில்லை. குளிக்கும்போது அனகாவை வெளியே நிற்க வைத்தேன். "அய்யே, ஆச்சி பேடிச்சுப்போச்சு! சும்மா ஒரு கதையல்லே?" என்று அவள் கதவைத் தட்டிச் சிரித்தாள். எட்டாம் வகுப்புப் படிக்கிறவளுக்குப் பயமில்லை, எனக்கு இருந்தது.

திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. "யாருக்கு?" என்றாள் சரோஜம்.

"உனக்கு," என்றேன்.

அவளுக்கென்று ஒருவரும் அதுவரை பெயர் சொன்னதில்லை. புத்தகத்தைத் திருப்பி என் பக்கமே நீட்டினாள். "எனக்கு இந்தச் சாதிக் கதை வேண்டாம்க்கா. நான் தனியா இருக்கவளாக்கும்," என்றாள்.

"ஊருக்கெல்லாம் சட்டம் வைப்ப, உனக்குன்னா சட்டம் கிடையாதோ? துண்டு எழுது. 'பயமில்லாதவள் போல நடிக்கிறாள், அதனால் அவளுக்கு'ன்னு எழுது."

"அக்கா, வேற பேரு சொல்லுங்க."

"முடியாது. வாங்கினா வாங்கு, இல்லேன்னா உன் சட்டத்தைத் தூக்கி ஆத்துல போடு."

அவள் முகம் மாறியது. பார்த்தேன். பார்த்தும் பார்க்காததுபோல் விளையாட்டாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். அவள் நான் சொன்ன வரியையே எழுதி உள்ளே வைத்து, புத்தகத்தைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். அந்த மாறின முகம்தான் இப்போதும் என் முன்னால் வந்து நிற்கிறது.

அவளை வீட்டில் எடுத்துக் கிடத்தியிருந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். என் கண் அலமாரியிலும் நாற்காலியிலும் மேசையிலும் அலைந்தது. புத்தகம் பிரிட்ஜின் மேல் இருந்தது. எங்கே திறந்திருந்ததோ அந்தப் பக்கத்தின் முனையை யாரோ மடித்து வைத்திருந்தார்கள். என் துண்டுத்தாளின் நுனி வெளியே தெரிந்தது. எடுத்துக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று நினைத்தேன். இதையும் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். கை போகவில்லை. பெங்களூரிலிருந்து வந்து இறங்கிய சரோஜத்தின் மகள் ரேணுகா என்னைப் பார்த்து, "பெரியம்மா," என்று எழுந்தாள். நான் கூட்டத்தில் ஒதுங்கி வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு எனக்கு எல்லாவற்றுக்கும் பயமாக இருந்தது. போன் அடித்தால் பயம், ரேணுகாவாக இருக்குமோ என்று. கேட்டில் சத்தம் கேட்டால் பயம். பேய்க்கதை படித்து யாராவது சாவார்களா என்று அனகாவிடம் வேறெதையோ கேட்பதுபோல் கேட்டேன். "ஹார்ட் வீக்கா இருந்தா பேடிச்சாலும் ஆகும் ஆச்சி," என்று சொல்லிவிட்டுக் கணக்குப் போட உட்கார்ந்துவிட்டாள். சுகுமாரன் சார் வந்து, நம் மூன்று தெருவுக்கும் சரோஜத்தின் பையை நான் எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். "என்னால ஆகாது சார்," என்றேன். முட்டுவலி என்று காரணம் சொன்னேன். முட்டுக்கு ஒன்றுமில்லை. இன்னொருவர் கையில் ஒரு புத்தகத்தை வைக்கிறதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது.

பதினாறு கழிந்த மறுநாள் மதியம் ரேணுகாவே வந்துவிட்டாள். தோளில் அம்மாவின் பை. சார்தான் இங்கே வைக்கச் சொன்னாராம். உட்கார்ந்ததும் அந்தப் புத்தகத்தை வெளியே எடுத்தாள். எடுத்ததும் நான் சொல்லிவிட்டேன். அவள் வேண்டாம் என்று சொல்லியும் கட்டாயப்படுத்திக் கொடுத்தது நான், அந்தக் கேலி வரியும் என்னுடையது, உன் அம்மாவை நான் பயமுறுத்திக் கொன்றுவிட்டேனோ என்று தெரியவில்லை மக்களே என்று. சொல்லும்போது அவளைப் பார்க்க முடியவில்லை, தரையைத்தான் பார்த்தேன்.

ரேணுகா அந்த மடித்த பக்கத்தின் முனையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "அம்மாவுக்கு ரெண்டு வருஷமா நெஞ்சுக்கு மாத்திரை உண்டு பெரியம்மா. உங்ககிட்ட சொல்லலியா?" என்றாள்.

"சொல்லல்லியே."

"யாருகிட்டயும் சொல்லலை. சொன்னா பையைத் தூக்க விடமாட்டாங்கன்னு."

எனக்கு அது ஆறுதலாக இல்லை. நெஞ்சு பலவீனமான ஒருத்திக்குப் போயா கொடுத்தேன் என்று பயம் இன்னும் கூடத்தான் செய்தது. "பயந்தாளா?" என்று கேட்டேன்.

"பயந்தா," என்றாள் ரேணுகா. மறைக்கவில்லை. "புதன்கிழமை சாயங்காலம் போன்ல சொன்னா. நாங்க பேசினா நாலு நிமிஷம்தான் பேசுவோம். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வச்சிரட்டுமா, அவ்வளவுதான். அன்னைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல அந்தக் கதையையே சொன்னா. 'கப்பி உருளுது டீ' அப்படின்னு சத்தம் போட்டுக் காட்டினா. நான் ஆபீஸ் கேண்டீன்ல உக்காந்து கத்திட்டேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. சின்ன வயசுல எனக்குக் கதை சொன்ன மாதிரி இருந்துது. மீதியை நாளைக்குப் படிச்சுட்டுச் சொல்லுகேன்னா."

அவள் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். "எனக்குத் தனியாப் படிக்க முடியலை. நீங்க படிச்சுச் சொல்லுங்க பெரியம்மா. அம்மா விட்ட இடத்துலேருந்து."

நான் உரக்கப் படித்துப் பழக்கமில்லாதவள். மடித்த பக்கத்தைத் திறந்தேன். வேறு எந்த இடமாக இருந்திருந்தாலும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். ஆனால் அது கயிறு நனைந்திருக்கும் இடம்தான். "இந்த இடந்தான் மக்களே," என்று காட்டினேன். அவள் அதைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேல படிங்க," என்றாள்.

எழுத்துக் கூட்டாமல், ஆனால் மெதுவாகப் படித்தேன். நடுவில் பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அலறிவிட்டோம். பள்ளிக்கூடம் விட்டு அனகா வந்தபோது நாங்கள் இருவரும் காலைத் தரையில் வைக்காமல் கட்டிலில் ஏறி உட்கார்ந்திருந்தோம். ரேணுகா அழுதுகொண்டே சிரித்தாள். கதை முடிந்தபோது அவள் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

என் புத்தகம்தான் சரோஜத்தைக் கொண்டுபோனதா என்று எனக்கு இன்றும் தெரியாது. ரேணுகாவுக்கும் தெரியாது. அவள் என்னை மன்னித்ததாகவும் சொல்லவில்லை, குற்றம் சொல்லவும் இல்லை. புத்தகத்தைத் தானே வைத்துக்கொள்கிறேன், வாசகசாலைக்கு வேறொன்று வாங்கித் தருகிறேன் என்றாள். இதே கதையை மட்டும் வாங்கவேண்டாம் என்றேன்.

பை என் வீட்டில் இருக்கிறது. எடுத்துக்கொள்கிறேன் என்று சுகுமாரன் சாரிடம் சொல்லிவிட்டேன். பயம் போய்விட்டதால் அல்ல. சரோஜத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பயத்தைத்தான். ஒருத்தருக்கு ஒரு புத்தகம் கொடுப்பது சின்னக் காரியம் என்று இனி என்னால் நினைக்க முடியாது. வருகிற வியாழக்கிழமை உங்கள் வீட்டுக்கு வருவேன். புத்தகத்தை நீட்டிவிட்டு உடனே கையை விடாமல் நின்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.