பாடாத பெட்டிகளும் பகல் தூக்கமும்

பழைய ஸ்பீக்கர் வாங்குவது ஒரு தொழில் என்றால், அதில் நட்டப்படாத ஆளை நான் பார்த்ததில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்றிரண்டு ஊமைப் பெட்டிகள் கிடக்குமானால் நீங்களும் நம்ம ஆள்தான்.

எனக்குத் துறைமுகத்துப் பக்கம் கன்டெய்னர் யார்டில் ராத்திரி வேலை. விடிந்து வீட்டுக்கு வந்தால் உடம்பு கிடக்கும், மனசு எழுந்து நடக்கும். பக்கத்தில் யாராவது மெல்லப் பாடினால் தூங்கிவிடலாம் போலிருக்கும். அதற்காகத்தான் நல்ல ஸ்பீக்கர் தேடினேன். பிரித்து மாட்டுவதையெல்லாம் பெட்டிகளைக் கெடுத்துக் கெடுத்தே கற்றுக்கொண்டேன். கடைசியில் என் மனைவி செல்வி, இன்னும் ஒரே சோடிதான், அதுவும் பாடாவிட்டால் பரணில் இருப்பதெல்லாம் பழைய இரும்புக் கடைக்குப் போகும் என்று சொல்லிவிட்டாள்.

முழுச் சத்தம்

மாப்பிள்ளையூரணியில் கோயில் கொடை விழாக்களுக்கு மைக் செட் கட்டி வந்த ஒருவர் தொழிலை விடுகிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேளத்தைப் போட்டு முழுச் சத்தத்தில் வைத்தார். வேப்பமரத்துக் காக்கையெல்லாம் பறந்துவிட்டது. கொஞ்சம் குறையுங்கள் என்றேன். அவருக்கு மனசே இல்லை. நானே குமிழைத் திருகினேன். மேளம் அடங்கியதும் உள்ளே தேங்காய் துருவுவது மாதிரி ஒரு சத்தம். ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் உரசுகிறது. பழைய ஸ்பீக்கரை எப்போதும் மெதுவாக வைத்துத்தான் கேட்க வேண்டும். நோயெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். இதை அவரிடம் பக்குவமாக எடுத்துச் சொன்னேன்.

"மெதுவா கேக்கணும்னா செல்போன்ல கேளும் அண்ணாச்சி. இது ஊருக்கே கேக்க வேண்டிய சாமான்."

ஓட்டை அடைத்தது

தெரேஸ்புரத்தில் ஒரு படகுக்காரர் வீட்டுப் பெட்டிகள் வெளியே புதுசு போல மின்னின. கடற்கரைச் சாமான் என்பதால் திருகாணியில் உப்புத் துரு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆனால் பாட்டைப் போட்டால் பாடகர் போர்வைக்குள் இருந்து பாடுவது போலிருந்தது. முன்பக்க வலையைக் கழற்றி, பேப்பர் கூம்பை விரலால் லேசாக அமுக்கினேன். அசையவில்லை. தட்டினால் பக்கெட்டைத் தட்டியது போல டொக்கென்றது. கிழிசல் விழுந்ததாம். படகில் ஓட்டை விழுந்தால் செய்வது போலவே, பைபர் துணி வைத்து ரெசின் பூசி, வெயிலில் காயவும் வைத்திருக்கிறார். கூம்பு அசைந்தால்தானே பாட்டு வரும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"எப்படி அடைச்சிருக்கேன் பாருங்க அண்ணாச்சி. இனி ஒரு சொட்டுத் தண்ணி உள்ள வராது."

சோடி

பலசரக்குக் கடை அண்ணாச்சி ஒருவர் வீட்டில் இடது பெட்டி தேனாய்ப் பாடியது. வலதில் மூச்சே இல்லை. வயரை மாற்றிப் போட்டும் பார்த்தேன். தூக்கினேன், வெற்று அட்டைப்பெட்டி போலக் கையோடு வந்தது. உள்ளே இருந்ததை மச்சினன் ஆட்டோவுக்குக் கழற்றிக்கொண்டு போய்விட்டானாம். அலமாரியில் ஒரு பக்கம் காலியாக இருந்தால் நன்றாயிராது என்று கூட்டை மட்டும் வைத்திருக்கிறார்.

"சோடியாத்தான இருக்கு? ஒண்ணு பாடும், இன்னொண்ணு துணைக்கு இருக்கும்."

கடைசிச் சோடி

மாற்றலாகிப் போகும் ஓர் அதிகாரி வீட்டில் ஒரு சோடி இருந்தது. மெதுவாக வைத்துக் கேட்டேன். தனித்தனியாகக் கேட்டேன். கூம்பின் ஓரத்து ரப்பரில் டார்ச் அடித்துப் பார்த்தேன், முகர்ந்தும் பார்த்தேன். தன் வீட்டை வாங்கும்போதுகூட இவ்வளவு பார்க்கவில்லை என்று அவர் அலுத்துக்கொண்டார்.

ஒரு குறையும் தெரியவில்லை, வாங்கிவிட்டேன். மறுநாள் காலை வேலை முடிந்து வந்ததும் மாட்டினேன். செல்வி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். பாட்டைப் போட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்தேன். கண் விழித்தபோது வெயில் இறங்கியிருந்தது. பரணைத்தான் முதலில் பார்த்தேன். எல்லாம் அங்கேயே இருந்தன. செல்வி ஸ்பீக்கர் பக்கத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பல்லவியே முடியல, நீங்க தூங்கிட்டிய. மிச்சத்த நான்தான் கேட்டேன். இந்தப் பெட்டி இருக்கட்டும்."

ஆக, அன்பர்களே, ஸ்பீக்கரை எத்தனை விதமாகச் சோதித்து வாங்கினாலும், அதில் கடைசியில் பாட்டுக் கேட்கப்போவது யார் என்பது மட்டும் வாங்குகிறவன் கையில் இல்லை.