ஞாயிற்றுக்கிழமை அறிக்கை

இரண்டு நாடுகள் பேசி முடித்துக் கூட்டறிக்கை வெளியிட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லோரும் படிப்பார்கள். போன முறை இருந்து இந்த முறை இல்லாமல் போனது எது என்று படிப்பது என் தொழில். பழைய அறிக்கையையும் புதியதையும் அருகருகே வைத்துக்கொண்டு வரிவரியாக விரலை ஓட்ட வேண்டும். 'நீண்டகால நட்பு' காணாமல் போயிருந்தால் உள்ளே ஏதோ புகைகிறது என்று அர்த்தம். இதைத்தான் டெல்லியில் பாடமாக நடத்தினேன். தடிமனாக ஒரு புத்தகமும் எழுதினேன். அதைப் படித்த யாரோ, நாட்டின் பாதுகாப்பு விவகாரங்களில் ஆலோசனை சொல்லும் அலுவலகத்துக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஊரில் உறவுக்காரர்கள் நான் கைப்பையில் துப்பாக்கி வைத்திருப்பதாக நினைத்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு சிவப்புப் பென்சில்.

ஆனால் சொல்லாமல் விட்டதைப் படிக்க நான் டெல்லியில் கற்றுக்கொள்ளவில்லை. அப்பா கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சியில் இருந்தார். வீட்டுக்குள் வந்தபின் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேச மாட்டார். நாங்களும் கேட்கக் கூடாது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் அப்படித்தான் என்பதால் யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றுகிற விதத்திலேயே அம்மா அன்றைய நாளைத் தெரிந்துகொள்வாள்.

தொண்ணூறுகளில் ஆராய்ச்சி மாணவியாக விடுமுறைக்கு வரும்போதெல்லாம், மூன்று பேரும் சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைக்குப் போவோம். அப்பா இடிந்த மதிலோரம் உட்கார்ந்து கடலையே பார்த்துக்கொண்டிருப்பார். அங்கிருக்கும் பழைய கல்லறைகளைக் காட்டி அம்மா அவர் காதில் விழும்படியே என்னிடம் சொல்வாள்: "ஆபீசுல உங்கப்பா இன்னா பண்றாருன்னு இங்க பொதைஞ்சு கெடக்கற வெள்ளக்காரனுக்குக்கூடத் தெரியும். எனக்குத்தான் தெரியாது."

அப்பா சிரிப்பார். அதோடு சரி.

ஓய்வு பெற்றதும் அம்மாவின் சொந்த ஊரான செங்கல்பட்டில் வீடு கட்டினார். டெல்லி அலுவலகத்தில் சேரப்போகிறேன் என்று நான் சொல்ல வந்த நாளில், அப்பா அம்மாவைப் பார்த்து, "இனிமே இவளையும் ஒண்ணும் கேக்காத" என்றார். அவர் குரலில் பெருமை இருந்தது. அம்மா, "எனக்குன்னு வாச்சது ரெண்டும் ஊமை" என்றபடி காபி கலக்கப் போய்விட்டாள். அவள் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை.

அப்பா போன பிறகு மாடியில் அம்மா தனியாக இருந்தாள். கீழே ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. ஞாயிறு காலையில் நான் போன் செய்வேன். அம்மா பேசுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கொளவாய் ஏரி. தினமும் காலையில் ஏரிவரை நடந்து போய் வருவாள், தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று சொல்வாள். அடுத்து வெள்ளிக்கிழமை கோயில். பிறகு என்ன சமைத்தாள் என்பது. கடைசியில் ஒரே ஒரு கேள்வி: "அங்க குளிரா?" நான் எங்கே இருக்கிறேன் என்று கேட்கக் கூடாதல்லவா? குளிரா, புழுக்கமா, மழையா என்று நான் சொல்வதை வைத்து எந்த நாட்டில் இருக்கிறேன் என்று ஊகித்துவிடுவாள். பல தடவை சரியாகவே ஊகித்தாள் என்று பிறகு தெரிந்தது. எங்கள் அலுவலகம் அவளை வேலைக்கு வைத்திருக்கலாம்.

ஒரு மழைக்காலத்தில் அம்மா பேச்சில் ஏரி வரவில்லை. நேராகக் கோயிலில் ஆரம்பித்தாள். மழையாயிற்றே, நடக்கப் போயிருக்க மாட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். மழை விட்டபின்னும் ஏரி வரவில்லை. அப்புறம் கோயிலும் போயிற்று. சமையல் மட்டும் மிஞ்சியது, அதுவும் கஞ்சி, ரசம் என்று சுருங்கிக்கொண்டே வந்தது.

எனக்குத் தெரிந்தது. தொழிலே அதுதானே. அந்த வாரங்களில்தான் ஒரு அண்டை நாட்டின் அறிக்கையில் இரண்டு சொற்கள் உதிர்ந்திருந்ததைப் பார்த்து, எதையோ மறைக்கிறார்கள், உடனே ஆளனுப்பிக் கேட்க வேண்டும் என்று மேலிடத்துக்குக் குறிப்பு எழுதினேன். கேட்டார்கள், உண்மை வெளியே வந்தது. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு பேசும்போது மட்டும் வாய் வரவில்லை. அவளாகச் சொல்லும்வரை கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு மரியாதை. அந்த மரியாதையிலேயே வளர்ந்தவள் நான்.

பிறகு ஒரு ஞாயிறு "அங்க குளிரா?" வரவில்லை. "சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டாள். போனைக் கையில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பயம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கூட்டம், பயணம் எல்லாவற்றையும் போட்டுவிட்டு அடுத்த விமானத்தைப் பிடித்தேன்.

வீடு பூட்டியிருந்தது. கீழ்வீட்டுப் பெண் வாசலுக்கு வந்து, "ஆஸ்பத்திரில கீறாங்கக்கா. எம்மாம் நாளா சோறு எறங்காம கஷ்டப்பட்டுகினு இருந்தாங்க. போன் போடறேன்னா வுடவே மாட்டேன்ட்டாங்க. ஒனக்கு நெசமாவே தெரியாதா இன்னா?" என்றாள்.

வயிற்றில் கட்டி. பரவிவிட்டது என்றார் டாக்டர். அம்மா கட்டிலில் பாதியாக இருந்தாள்.

"ஏம்மா சொல்லல?"

"உங்கப்பா கடைசி வரைக்கும் ஒண்ணும் சொல்லல. நீயும் சொல்ல மாட்டே. எங்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு வெச்சிகினேன்." சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். எனக்குக் கோபம் வந்தது. அவள்மேல் இல்லை, இல்லாமல் போன அப்பாமேல்.

"எனக்குத் தெரியும்மா. ஏரிய விட்டப்பவே தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீ கேப்பேன்னுதான் அத மொதல்ல சொல்லாம வுட்டேன்" என்றாள். "அப்பவும் கேக்கல. அப்பறம் கோயிலயும் வுட்டேன்."

அவள் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த மழைக்காலத்தில் நான் எங்கே இருந்தேன், எந்த ஊர் ஓட்டலில் இருந்து போன் செய்தேன், யாரைப் பார்க்கப் போனேன் என்று எல்லாவற்றையும் கொட்டிவிடப் பார்த்தேன். அம்மா மறுகையைத் தூக்கி என்னை நிறுத்தினாள்.

"வாணாம் கண்ணு. அதெல்லாம் சொல்லக் கூடாது. ஏரில தண்ணி எவ்ளோ கீதுன்னு பாத்துட்டு வந்து சொல்லு, போ."

போனேன். ஏரி கரைவரை நிறைந்து கிடந்தது. அந்தப் பக்கம் மின்சார ரயில் ஒன்று போய்க்கொண்டிருந்தது. வேகமாகத் திரும்பி வந்து, ரொம்பி இருக்கும்மா என்றேன். அவள் கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் ஓடியது. குனிந்து காதோரம் இன்னொரு தடவை சொன்னேன். மறுநாள் மூச்சும் நின்றது.

வேலையை விட்டுவிட்டு இப்போது அந்த மாடி வீட்டில்தான் இருக்கிறேன். ஞாயிறு காலையில் ஏரிவரை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். போன் பக்கத்தில் உட்கார்ந்து, எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது என்று வாய்விட்டுச் சொல்வேன். கேட்பதற்கு யாரும் இல்லை என்று தெரியும். சொல்லாமல் எழுந்திருக்க முடியவில்லை.