விரியன் உதட்டில் கறுப்பு நூல்

வேலூரில் வீட்டின் முன்கட்டிலேயே நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த காலம். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒரு கண்ணாடி விரியனின் முகத்தை நெருக்கமாகப் படமெடுத்துத் தரச் சொன்னார். நர்சுகள் பார்த்து அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டுமாம். செத்த பாம்பு கூடாது, கண்ணில் உயிர் இருக்க வேண்டும் என்றார். கல்யாண ஜோடிகளை விறைப்பாக நிற்கவைத்தே சலித்துப்போயிருந்த எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பால்ய தோஸ்துக்கு ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் வேலை. அங்கே குவித்திருக்கும் ஆவாரம்பட்டைக்குள் பாம்பு அடையும். பிடிப்பதில் அவன் கில்லாடி. விடியற்காலைக் குளிரில்தான் பாம்பு மந்தமாக இருக்கும் என்று நேரம் குறித்தவனும் அவன்தான். இரண்டு முறை விரியன் தலையைத் திருப்பி, படம் பதியும் கண்ணாடிப் பிளேட்டைக் கெடுத்தது. மூன்றாவது முறை அவன் வேறொரு விரியனைப் பானையில் கொண்டுவந்தான். கேமராத் துருத்தியை முழுக்க இழுத்துவிட்டுக் குப்புறப் படுத்தேன். லென்சுக்கும் அதற்கும் ஒரு சாண்தான். சீறியது. நாக்கு வெளியே வந்து போனது. நான் அசையவில்லை.

அந்தக் கதையை வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! என் மனைவி ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கேட்பாள்.

படத்தைப் பெரிதாக்கி அச்சிட்ட அன்றுதான் பார்த்தேன். உதட்டோரம் சின்னச் சின்னக் கறுப்புக் கோடுகள். செருப்புத் தைக்கும் மெழுகு நூல். நாக்கு வர மட்டும் நடுவில் இடம் விட்டு, வாயைத் தைத்திருந்தான்.

அன்றே ரயிலேறி ஆம்பூர் போய் அவன் சட்டையைப் பிடித்தேன்.

"நான் இன்னா பண்றதுப்பா? தங்கச்சி இங்கயே வந்து அழுதுச்சி. உனக்குச் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கிச்சி" என்றான். என் மனைவியை அவன் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவான்.

என் உயிருக்காகத்தான் செய்தார்கள். அது புரியாத முட்டாள் இல்லை நான். அவன் தைத்ததைக்கூட மன்னித்துவிடுவேன். அவள் நெஞ்சில் கைவைத்துக் கேட்டாளே, அதைப் பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மறுநாள் டாக்டரம்மா வரவேண்டும். உள்ளதைச் சொல்லியிருக்கலாம். கல்யாணப் பெண்களின் அம்மைத் தழும்பை நெகடிவில் மறைக்கிற பென்சிலை எடுத்து, ஒவ்வொரு தையலாக மூடி, புதிதாக ஒரு படம் அச்சிட்டேன்.

டாக்டரம்மா படத்தை வெகுநேரம் பார்த்தார். "பயமா இல்லையா உங்களுக்கு?"

"பழகிப்போச்சுங்க" என்றேன்.

அவருக்குக் காபி கொடுத்துவிட்டு நின்ற என் மனைவி, எப்போதும்போல நெஞ்சில் கைவைத்துக்கொண்டாள்.